கம்ப்ரஸருக்கு ஒரு பரஸ்தானம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்து இரண்டு முறை எழுந்துவிட்டேன். ஒரு முறை ஜன்னலைச் சாத்த, இன்னொரு முறை சாத்திய ஜன்னலைத் திறக்க. என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், செல்விக்குக் காலில் சக்கரம். கை அதைவிட மோசம். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்து சும்மா உட்காரச் சொன்னால் உட்கார்ந்திருக்கும் நாற்காலியையே கழற்றிவிடுவேன்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் பூராவும், எல்லாம் மாட்டித் தயாராக இருந்த ஒரு மெஷினை ஆன் பண்ணாமல் காவல் காத்திருக்கிறேன். இத்தனை வருஷ சர்வீஸில் நான் பார்த்த வேலைகளிலேயே அதுதான் கஷ்டமான வேலை. அதைச் சொல்கிறேன். போர்டை எப்படி மாட்டுவது, பேஸ்ட்டை எவ்வளவு தடவுவது என்பதையெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், கார்த்திகை மாதம். தி.நகரில் பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு மாடியில் எங்கள் கடை. கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணித் தருவோம், பழுது பார்ப்போம், பேங்குகளுக்கு யூபிஎஸ் பராமரிப்போம். வெளி வேலைக்குப் போகிற ஒரே பொம்பளை நான்தான். போகிற வீட்டிலெல்லாம், "இன்ஜினியர் எப்பம்மா வருவாரு?" என்று என்னையே கேட்பார்கள். "வந்து அரை மணி நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ரகுவின் வீடு. என் வயசுதான் இருக்கும் அவருக்கு. பேங்க் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, கம்ப்யூட்டரில் சினிமாவுக்கு கிராஃபிக்ஸ் பண்ணுகிறேன் என்று வீட்டு முன்னறையில் உட்கார்ந்துவிட்டவர். அவருடைய அப்பா அதே பேங்கில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் ராஜினாமா கடிதம் கொடுத்த நாளிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மா, மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தார். ஆக, இரண்டு ஆண்கள், ஒரு வீடு, நடுவே பேச்சில்லை. நான் போகிற நாட்களில் எனக்கு இரண்டு சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். மெஷின் வேலைக்கு ஒன்று, தூது போனதற்கு ஒன்று.

"காபி வேணுமான்னு அவனைக் கேளும்மா" என்பார் பெரியவர். ரகு இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்.

விஷயம் இதுதான். கோடம்பாக்கத்திலிருந்து ஒரு கேமராமேன், தன் படத்துக்கு வெள்ளக் காட்சி ஒன்றைக் கம்ப்யூட்டரிலேயே செய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தார். ரகுவிடம் ஒரு மாதிரிக் காட்சி கேட்டிருந்தார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து பார்ப்பார். பிடித்தால் வேலை ரகுவுக்கு. இல்லாவிட்டால் மதியம் ஹைதராபாத் போய் அங்கே ஒரு பெரிய ஸ்டுடியோவில் கொடுத்துவிடுவார். ரகுவிடம் இருந்த பழைய மெஷினில் அந்தக் காட்சியை உருவாக்க வாரம் ஒன்று ஆகும். புது மதர்போர்டும் புது ப்ராசஸரும் வாங்கிவிட்டார். ஆனால் காலைக்குள் முடிய வேண்டுமென்றால் ப்ராசஸரை அதற்குச் சொன்ன வேகத்துக்கு மேல் விரட்ட வேண்டும். விரட்டினால் சூடாகும், சூடானால் நடுவழியில் நின்றுவிடும்.

அதற்குத்தான் அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளை ஒரு சாதனம் அனுப்பியிருந்தார். இன்றைக்கு நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு நான் முதல் தடவையாகப் பார்த்தேன். சுருக்கமாகச் சொன்னால் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். கேபினெட்டின் அடியில் கம்ப்ரஸர். அங்கிருந்து ஒரு விறைப்பான குழாய் மேலே ஏறி, செப்பாலான ஒரு தலையாக ப்ராசஸர்மேல் உட்காரும். உள்ளே போகும் திரவம் அங்கே ஆவியாகி, சூட்டை வாரிக்கொண்டு கீழே இறங்கும். ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டும் இடத்தை எடுத்து ப்ராசஸர் தலையில் வைத்த மாதிரி. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த தலையில் பட்டால் தண்ணீராகக் கோத்துக்கொள்ளும். தண்ணீர் போர்டில் சொட்டினால் கதை முடிந்தது. அதனால் தலையைச் சுற்றிக் காற்று புகாதபடி நுரைப்பஞ்சு அடைத்துப் பசை பூச வேண்டும். நுரைப்பஞ்சு ஒரே ஒரு செட்தான் வந்திருந்தது.

அமெரிக்காவிலிருந்து வந்த ஆள் அதை அடையாறில் ஒரு வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பெட்டியை நிமிர்த்தியே வையுங்கள் என்று நான் போன் பண்ணிச் சொல்லியிருந்தேன். நிமிர்த்தித்தான் வைத்திருந்தார்கள். புதன்கிழமை காலை ரகு ஆட்டோவில் போய் அதைக் கொண்டு வந்தார். அடைமழை. அடையாறு பாலத்திலிருந்து வண்டிகள் நகரவே இல்லையாம். அவர் வந்து சேரும்போது நான் பழைய மெஷினின் ஹார்ட் டிஸ்க்கையும் மெமரியையும் கழற்றிப் புது போர்டுக்கு மாற்றி முடித்திருந்தேன்.

பெரியவர் அன்றைக்குக் காலையிலிருந்தே நிலைகொள்ளாமல் இருந்தார். இந்த விஷயத்தில் அவரும் நானும் ஒரே ஜாதி. அறைக்குள் வருவார், கடிகாரத்தைப் பார்ப்பார், போர்டைத் தொடுவார். "கை எடுங்க சார்" என்பேன். எடுப்பார். நான் பையைத் திறந்து சாமான்களைப் பரப்பினால் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் வைப்பார். குழாயை விரலால் சுண்டுவார். செப்புத் தலையைத் தடவுவார். "கை எடுங்க சார்."

"பன்னண்டு மணிக்கு ராகுகாலம் பொறந்துடும். அதுக்குள்ள ஆன் பண்ணிடணும்னு அவன்கிட்ட சொல்லும்மா" என்றார். "அது முடியறதுக்குள்ள அஷ்டமி பொறந்துடறது, அப்புறம் நவமி. பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பா. இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்."

மகனோடு பேசாதவர் மகனுக்காக எதற்குப் பஞ்சாங்கம் பார்த்தார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மழையில் நனைந்த காலோடு, ஏசி குளிரில் உட்கார்ந்து, நுரைப்பஞ்சைச் சின்னச் சின்னதாக வெட்டி அடைத்துக்கொண்டிருந்தவளுக்கு வேறு எதுவும் தோன்றாது. பன்னிரண்டுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்றே நானும் நினைத்தேன். தலையை மாட்டியாகிவிட்டது. பசையும் பூசியாகிவிட்டது. பெரியவர் கம்ப்ரஸருக்குச் சந்தனம் வைத்தார். அது இரும்பு, வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கற்பூரத்தட்டுகூடத் தயார்.

அப்போதுதான் வாசலில் ஆட்டோ சத்தம். காலையில் வந்த அதே டிரைவர், காக்கிச் சட்டை சொட்டச் சொட்ட, ஒரு குடையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"சார், கொடய சீட்லயே வுட்டுட்டு வந்துட்டீங்களே. அப்பால ஒரு சவாரி போய்ட்டு பாத்தா பின்னால கீது. அதான் எட்தாந்தேன்." பேசிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். "இதானா அந்த பொட்டி? இன்னா கனம்மா இது! நிக்க வெச்சா மேல ரூஃப்ல இடிக்குது. அதான் சார் மடில படுக்க வெச்சு, கொயந்த மாரி இட்டாந்தோம்."

நான் ரகுவைப் பார்த்தேன். ரகு தரையைப் பார்த்தார்.

உங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இறக்கியிருந்தால் தெரிந்திருக்கும். படுக்க வைத்துக் கொண்டு வந்த ஃப்ரிட்ஜை உடனே ஆன் பண்ணக் கூடாது. கம்ப்ரஸருக்குள் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஓடியிருக்கும். நிமிர்த்தி வைத்து, அது மெல்ல இறங்கி அடியில் சேரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஓட விட்டால் எண்ணெய் இல்லாமல் தேய்ந்து போகலாம், வால்வு உடைந்தும் போகலாம். ஒன்றும் ஆகாமல் ஓடினாலும் ஓடும். அதுதான் இதில் பெரிய தொல்லை. 'ஒன்றும் ஆகாது' என்று சொல்கிறவனுக்கு எப்போதும் ஒரு சாட்சி கிடைத்துவிடும்.

"எவ்வளவு நேரம் படுத்திருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நேரந்தான் மேடம்" என்றார் ரகு.

"இன்னா சார் கொஞ்ச நேரம்? பாலத்து மேலயே ஒரு டீ குட்ச்சோமே" என்றார் டிரைவர்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம்வரை ஆன் பண்ணக் கூடாது என்று சொன்னேன்.   டிரைவர், தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று புரிந்து, "வரேன் சார்" என்று நழுவிவிட்டார்.

ரகுவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மேடம், ராத்திரி முழுக்க ஓடினாத்தான் பத்து மணிக்கு முடியும். இப்பவே ஆரம்பிச்சா கைல நேரம் இருக்கும். சாயங்காலம்னா கழுத்துல கத்தி." கழற்றிவிட்டு சாதாரண ஃபேனை மாட்டலாமா என்று கேட்டார். பிரித்தால் நுரைப்பஞ்சு பிய்ந்துவிடும், மறுபடி அடைக்க வேறு செட் இல்லை. அந்த ஃபேனோடு அந்த வேகத்தில் ஓடாது என்பது அவருக்கே தெரியும். இந்த கம்ப்ரஸர் போனால் இதற்கு வாயு நிரப்பித் தர இந்த ஊரில் ஆள் இல்லை என்பதும் தெரியும். தெரிந்தவர் கேட்கிற கேள்விதான் அது, என்ன செய்வது.

பெரியவருக்குக் கோபம் என்மேல் பாய்ந்தது. "நாழியாகும்னு முன்னாடியே சொல்லப்படாதா? மணி பதினொன்னே முக்கால். ஒரு நிமிஷம் ஆன் பண்ணிட்டு அணைச்சுடேன். நல்ல நேரத்துல ஒரு தடவை ஓடினாப் போறும்."

"அந்த ஒரு நிமிஷந்தான் சார் ஆபத்தே."

"உங்க கடையில பெரிய இன்ஜினியர் யாரும் இல்லையா? போன் போட்டுக் கேளு."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்தது என்று எழுதக் கூச்சமில்லை, தைத்தது. எத்தனை வீட்டில் கேட்டாலும் பழகாத கேள்வி அது. "நான்தான் சார் பெரிய இன்ஜினியர். ஆன் பண்ண மாட்டேன்" என்றேன். சொல்லிவிட்டு, மெஷினுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. சந்தனம் வைத்த கம்ப்ரஸருக்கு முன்னால் துவாரபாலகர் மாதிரி ஒரு சைதாப்பேட்டைக்காரி.

பெரியவர் என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். ரகு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இறங்கி வேறு ஏதோ வந்தது. மகனுக்கு என்ன ஆகுமோ என்ற பயம்தான் அது என்று அப்போது புரிந்தது. காலையிலிருந்து அவர் தொட்டுத் தொட்டுப் பார்த்ததும் அந்தப் பயத்தில்தான்.

"ஏம்மா" என்றார் மெதுவாக. "ஊருக்குக் கிளம்பறோம். ரயில் சாயங்காலம். நல்ல நேரம் காலம்பற முடிஞ்சுடறது. என்ன பண்ணுவோம்?"

எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. தெரியவில்லை என்றேன்.

"பரஸ்தானம் வைப்போம். நல்ல நேரத்துல பெட்டிய எடுத்துண்டு போய் வேற ஆத்துல வெச்சுடறது. அப்பவே கிளம்பினதா ஆயிடுத்து. அப்புறம் ரயில் எப்ப வந்தா என்ன? ஆனா வெச்ச சாமான் கிளம்பற வரைக்கும் ஆத்துக்குத் திரும்பப்படாது." குனிந்து மெஷினைப் பார்த்தார். "இதுல எது இல்லேன்னா இது கிளம்பாது?"

பவர் ஒயரைக் காட்டினேன். அந்தச் சாதனத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒரே ஒயர். சாதாரண கம்ப்யூட்டர் ஒயர் இல்லை. தடித்தது, முனை தட்டையானது, பேங்குகளில் பெரிய யூபிஎஸ்களுக்குப் போடுகிற ரகம். வீடுகளில் இருக்காது.

பெரியவர் அதை உருவினார். வெற்றிலை, மஞ்சள் துண்டு, ஒயர் மூன்றையும் ஒரு துண்டில் சுற்றினார். வாசலுக்குப் போனவர் நின்றுவிட்டார். தெருவில் முழங்கால் தண்ணீர். இடது பக்கம் பூட்டிய வீடு. எதிர்ப்பக்கம் போவதற்குள் மணி அடித்துவிடும். மதில் ஓரமாகக் கால் வைத்துப் போகக்கூடிய வீடு ஒன்றே ஒன்று, வலது பக்கத்து தாமோதரன் சாருடையது.

"அங்கயா?" என்று ரகுவின் வாயிலிருந்து வந்துவிட்டது. அப்பாவிடம் நேராக அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எனக்கு ரகு பிறகு சொன்னார். குழாயில் மோட்டார் வைத்துத் தண்ணீரை இழுக்கிறார் என்று பெரியவர்மேல் தாமோதரன் சார் புகார் கொடுத்தாராம். அதிகாரிகள் வந்து தெருவே பார்க்க மோட்டாரைக் கழற்றினார்களாம். அதிலிருந்து அந்த வீட்டு வாசலை இவர் மிதித்ததில்லை. பால் பாக்கெட் மாறி அங்கே போய்விட்டால்கூடக் கேட்டு வாங்க மாட்டாராம்.

பெரியவர் மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். குடையை விரித்தார். மதிலைப் பிடித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

முன்னறை ஜன்னலிலிருந்து அந்த வீட்டு வராந்தா தெரியும். கதவு திறந்தது. தாமோதரன் சார் பனியனோடு நின்றார். பெரியவர் துண்டை நீட்டி ஏதோ சொன்னார். அவர் ஏதோ கேட்டார். இவர் எங்கள் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.  பிறகு உள்ளேயிருந்து ஒரு நாற்காலி வந்தது. பெரியவர் அதன் நுனியில் உட்கார்ந்து ஒயர் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டார். அப்போது இங்கே சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது.

அதற்குப் பிறகுதான் என் சோதனை. வேலை இல்லை. மழை விடவில்லை. செய்து முடித்ததையே மறுபடி சரிபார்த்தேன். பசை காய்ந்ததா என்று தொட்டேன், தொட்ட இடத்தில் மறுபடி பூசினேன். உட்கார்ந்தால் கால் ஆடியது, எழுந்தால் ரகு தலை நிமிர்ந்து 'ஆன் பண்ணலாமா' என்று பார்த்தார். இரண்டு பேரும் அந்த அறையை அளந்துகொண்டே இருந்தோம். மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு நடந்திருந்தால்கூடப் போய்ச் சேர்ந்திருப்போம்.

மூன்று மணி வாக்கில் கடையிலிருந்து போன். எங்கள் முதலாளி.

"செல்வி, இன்னுமா அங்கயே இருக்க? அடையாறுல பேங்க் சர்வர் படுத்துடுச்சு. போட்டுட்டுக் கிளம்பு."

நிலைமையைச் சொன்னேன்.

"படுக்க வெச்சது யாரு? அவங்க ஆளு. சாட்சிக்கு ஆட்டோக்காரன் இருக்கான். கம்ப்ரஸர் போனா நம்ம தலையில விடியாது. போட்டுட்டு வா."

போனை வைத்தேன். ரகு கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "மேடம், நிமிர்த்தி வெச்சு நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. எண்ணெய் இறங்கியிருக்கும். இன்னும் தாமதமானா காலைல நான் அவருக்குக் காட்ட எதுவுமே இருக்காது. நான் கையெழுத்துப் போட்டுத் தரேன். என் பொறுப்பு. போய் அப்பாகிட்ட ஒயரை வாங்கிட்டு வந்துடவா?"

அவர் கண்ணில் தண்ணீர். வேலை போச்சு, அப்பாவின் பேச்சு போச்சு, இந்த ஒரு காட்சியும் போனால் என்ன மிச்சம்? அந்த நேரத்தில் அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு நியாயமாகவே பட்டது. நான்கு மணி நேரம் போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. முதலாளியும் உத்தரவு கொடுத்துவிட்டார். வாடிக்கையாளரும் எழுதித் தருகிறேன் என்கிறார். என் பேருக்கு எந்தக் களங்கமும் வராது.

அதோடு இன்னொன்றும் இருந்தது. ரகு யாரிடமும் போய் வாங்க வேண்டியதில்லை. பேங்க் யூபிஎஸ் வேலைக்காக அதே ரக ஒயர் ஒன்று என் பையின் அடியில் சுருண்டு கிடந்தது. காலையிலிருந்து எனக்கு அது தெரியும். ரகுவுக்குத் தெரியாது.

பையைக் கிட்டே இழுத்தேன். கை உள்ளேயே போய்விட்டது. ஒயரின் முனை விரலில் பட்டது.

ஏன் ஜன்னலைப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். என் கண் எதிலும் நிற்காது, அவ்வளவுதான். பெரியவர் அதே நாற்காலியில், இன்னும் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் ஒரு டம்ளர் காபி. எப்போதோ வைத்தது, ஏடு படிந்திருக்கும். தாமோதரன் சார் தள்ளி உட்கார்ந்து பேப்பர் படிப்பது போல இருந்தார். ஒருவரோடொருவர் பேசவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரியவர் அந்த டம்ளரை எடுத்தார். ஆறிப்போன காபியை, இத்தனை வருஷம் எதிரியாக நினைத்தவர் வீட்டுக் காபியை, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். மறுகையால் மடியிலிருந்த மூட்டையைப் பிடித்துக்கொண்டே குடித்தார்.

இந்த ஒயரைப் போட்டால் மெஷின் ஓடினாலும் ஓடும். ஆனால் அந்த மனிதர் அங்கே போய் உட்கார்ந்ததற்கு என்ன அர்த்தம்? நல்ல நேரத்தில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இப்போதும் இல்லை. ஆனால் காலையில் 'ஆன் பண்ண மாட்டேன்' என்று நின்றது நான். அந்தச் சொல்லை நம்பித்தான் அவர் மழையில் இறங்கினார். என் சொல்லை அவர் காத்துக்கொண்டிருக்கிறார், நான் பையில் கை விட்டுக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

கையை வெளியே எடுத்தேன். பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். "ஆக்கப் பொறுத்தாச்சு, ஆறப் பொறுக்க மாட்டீங்களா? விளக்கு வைக்கட்டும் ரகு" என்றேன்.  முதலாளிக்கு போன் செய்து, அடையாறுக்கு வேறு ஆளை அனுப்பச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

விளக்கு வைக்கும் நேரத்தில் மழை தூறலாகிவிட்டது. பெரியவர் வந்தார். பின்னாலேயே தாமோதரன் சார், சட்டை போட்டுக்கொண்டு, "மெஷின் கிளம்பறதைப் பாக்கலாம்னு வந்தேன்" என்றார். பெரியவர் துண்டைப் பிரித்து ஒயரை என் கையில் கொடுக்கவில்லை. மகனிடம் நீட்டினார்.

"இந்தாடா. சொருகு."

ரகு சொருகினார். நான் பட்டனை அழுத்தினேன். முதலில் கம்ப்ரஸர் மட்டும் ஒரு உறுமல் உறுமி, பிறகு சீராக முனகத் தொடங்கியது. முகப்பில் எண்கள் இறங்கின. அறை வெப்பம், அப்புறம் பத்து, அப்புறம் பூஜ்யம், அதற்கும் கீழே. போதுமான குளிர் வந்த பிறகுதான் போர்டுக்கு மின்சாரம் போகும். அதுவரை திரை கறுப்பாகவே இருந்தது.  திரையில் எழுத்து வந்ததும் தாமோதரன் சார்தான் முதலில் கை தட்டினார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே ரகு வீட்டுக்குப் போய்விட்டேன். போர்டின் பின்பக்கம் தடவிப் பார்த்தேன், ஈரமே இல்லை. காட்சி இன்னும் உருவாகிக்கொண்டிருந்தது. கேமராமேன் பத்து மணிக்குச் சரியாக வந்து நின்றார். கடைசிச் சில நொடிகள் அப்போதும் மிச்சம். இருந்த வரைக்கும் ரகு ஓட்டிக் காட்டினார். தெருவில் வெள்ளம் நுழைந்து, ஒரு வீட்டு வாசற்படி ஏறி, கதவைத் தொடும் இடத்தில் நின்றுவிட்டது. கதவு உடைவதைக் காணோம்.

"மீதி?" என்றார் அவர்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடும் சார்."

"வரட்டும். வந்ததும் கேசட்ல போட்டு எடுத்துட்டு வாங்க. ஹைதராபாத் டிக்கெட்டை கேன்சல் பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டு, அந்த முனகும் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். முதல் நாள் மதியமே ஆரம்பித்திருந்தால் முழுசாகக் காட்டியிருக்கலாம். கம்ப்ரஸர் உடைந்திருந்தால் எதையுமே காட்டியிருக்க முடியாது. எது நடந்திருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நீங்களும் பல தடவை தெரியாமலேதான் முடிவெடுப்பீர்கள்.

மதியம் ரகு கேசட்டோடு கோடம்பாக்கம் கிளம்பினார். பெரியவர் வாசல்வரை போய், "சாப்பிட்டுட்டுப் போடா" என்றார். நேராக. நான் நடுவில் தேவைப்படவில்லை. திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தார். நான் பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, உன் பையில இன்னொரு ஒயர் இருந்துதே" என்றார்.

என் கை நின்றுவிட்டது. "எப்ப சார் பார்த்தீங்க?"

"நேத்திக்குக் காலம்பறயே. நீ பையைத் திறந்து எல்லாத்தையும் பரப்பினியே, அப்போ. கறுப்பா, தடியா, அச்சா அதே மாதிரி."

"தெரிஞ்சுமா அந்த ஒண்ணை மட்டும் எடுத்துட்டுப் போனீங்க?"

"ஆமா."

"நான் இதைப் போட்டு ஆன் பண்ணியிருந்தா?"

"ஜன்னல்ல தெரிஞ்சிருக்கும். மூணு மணிக்கு நீ பைய இழுத்தப்போ, அவ்வளவுதான் போலிருக்குன்னு நெனச்சேன். நெஞ்சு அடைச்சுடுத்து. அதான் கைல கிடைச்ச காபிய எடுத்துக் குடிச்சேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அதுக்கு ரெண்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிருக்கலாமே சார்" என்றேன்.

முந்தின நாள் முழுக்க அந்த அறையில் இருந்த ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்த மனிதர், இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டார்.

"எங்காத்து ஒயரை நான் எடுத்துண்டு போலாம். இன்ஜினியர் பையில கை வைக்க நான் யாரும்மா?"

தி.நகர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கால் ஆட்டாமல், வழி முழுக்க அந்தப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.